கைக்கடிகாரத்தின் விலையும் மதிப்பும்

காலத்தை அளக்கும் கருவிக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்? கேட்பதற்கு எளிய வினா, விடையோ எளிதன்று. சில நூறு ரூபாய்க்கும் கைக்கடிகாரம் கிடைக்கின்றது. சில கோடி ரூபாய்க்கும் கிடைக்கின்றது. இரண்டும் காட்டுவது ஒரே நேரத்தைத்தான். காலை மணி ஆறு என்றால் செல்வர் கையிலும் ஆறு. கூலியாள் கையிலும் ஆறு. அங்ஙனமாயின், அவ்விரண்டு விலைகளுக்கும் இடையே உள்ள பெரும்பள்ளத்தை நிரப்புவது யாது? கைத்திறனுக்கு உரிய கூலியா? பெயருக்குச் செலுத்தும் காணிக்கையா? அன்றி, வெறும் பகட்டா?

இவ்வினாவை ஆராயப் பெங்களூரைவிடப் பொருத்தமான நகரம் நம் நாட்டில் இல்லை எனலாம். அந்நகரின் தென்கிழக்குப் பகுதியில், கோரமங்கலத்தை அடுத்து, ஈஜிபுரா அமைந்துள்ளது. தமிழ் பேசும் உழைப்பாளர் குடும்பங்கள் பலவும் வாழும் இடம் அது. அங்கிருந்து வடமேற்கே நகரைக் கடந்து சென்றால் ஜாலஹள்ளியை அடையலாம். இந்திய அரசாங்கம் நிறுவிய முதற் கைக்கடிகாரத் தொழிற்சாலை இருந்த ஊர் அது. ஈஜிபுராவிலிருந்து தெற்கே ஓசூர்ச் சாலையைப் பிடித்து, கருநாடக எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டில் கால் வைத்தால், டைட்டன் கடிகாரங்கள் பிறந்த ஓசூர் வந்துவிடும். இந்த இரண்டு தொழிற்சாலைகளின் கதையை அறிந்தவர், கடிகார விலை பற்றிய வினாவிற்குப் பாதி விடையை அறிந்தவராவர். மற்றப் பாதியை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

காலத்தை அளத்தல் நமக்குப் புதியதன்று. நாழிகை வட்டிலில் நீர் இறங்கும் அளவைக் கண்டு அரசனுக்குப் பொழுது அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு காட்டுகின்றது. ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை நம் கணக்கில் 24 நிமிடம். அக்காலத்தில் நேரம் என்பது பொதுச் சொத்து. கோயில் மணி ஊருக்கெல்லாம் ஒன்றாய் ஒலித்தது. உழவன் நிழலை நோக்கினான். மீன் பிடிப்போன் விண்மீனை நோக்கினான். நிமிடத்தையும் நொடியையும் தனியே ஒருவன் தன் உடம்போடு கட்டிக்கொண்டு திரிய வேண்டிய தேவை எழவில்லை.

அத்தேவை முதன்முதலாக நிலத்தில் எழுந்ததன்று, கடலில் எழுந்தது. கப்பல் தான் நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையை அறிய வேண்டுமானால், புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிழையின்றி அறிந்திருத்தல் வேண்டும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கின்றது. ஆகவே நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை. கடிகாரம் நான்கு நிமிடம் பிசகினால், நிலநடுக்கோட்டுப் பகுதியில் கப்பலின் கணக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் பிசகும். 1707-ஆம் ஆண்டில் தம் இடத்தைத் தவறாகக் கணித்த ஆங்கிலப் போர்க்கப்பல்கள் நான்கு, சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏழாண்டுகளுக்குப் பின், 1714-இல், தீர்க்கரேகையைச் செம்மையாகக் கணிக்க வழி காண்போர்க்கு 20,000 பவுன் வரை பரிசளிப்பதாகப் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்நாளில் அது பெருஞ்செல்வம்.

அப்பரிசை நோக்கி உழைத்தவர் ஜான் ஹாரிசன். தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். பல்லாண்டு உழைத்து அவர் செய்து முடித்த நான்காவது கருவி, பெரியதொரு சட்டைப்பைக் கடிகாரம் போன்றிருந்தது. 1761-இல் அதை ஜமைக்காவுக்குக் கப்பலேற்றினர். 81 நாட்களுக்குப் பின் சோதித்தபோது அது ஐந்து நொடிகளே பின்தங்கியிருந்தது. அந்தக் கடிகாரத்திற்கு எவ்வளவு விலை சொன்னாலும் தகும்; ஏனெனில் அது காட்டிய நொடிகள் மனித உயிர்கள். இந்தக் காலத்தை நாம் நன்கு நினைவிற்கொள்ளல் வேண்டும். அன்று கடிகாரத்தின் உயர்ந்த விலை அதன் துல்லியத்திற்கே உரிய விலை. விலை கூடியது எனின், நேரம் திருந்தியது என்பது பொருள். விலையும் மதிப்பும் ஒரே வண்டியின் இரு மாடுகள்போல் சேர்ந்து நடந்தன.

நம் நாட்டிற்கு இரயில்வண்டி வந்த பின்னரே நிமிடத்தின் ஆட்சி இங்கு வேரூன்றியது. 1792-இல் சென்னையில் அமைந்த வானாய்வு நிலையம் கணித்த சென்னை நேரமே, பின்னர் இரயில் பாதைகளுக்கெல்லாம் பொது நேரமாயிற்று. 1906-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று இந்தியா முழுமைக்கும் ஒரே திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. வண்டி யாருக்காகவும் நிற்பதில்லை. கச்சேரியும் ஆலையும் பள்ளிக்கூடமும் மணியடித்தபின் கதவை மூடின. ஆகவே நேரத்தைக் கையோடு வைத்திருத்தல் பிழைப்பிற்கே இன்றியமையாததாயிற்று. ஆயினும் கடிகாரமோ அயல்நாட்டுப் பண்டம். பேவர் லூபா முதலிய சுவிட்சர்லாந்து நாட்டுக் கம்பெனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தியச் சந்தையை நாடி வந்தன. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையின் மணிக்கூண்டு வழிப்போக்கர்க்கு நேரம் காட்டிற்று. அதைக் கண்டு நேரம் அறிந்தோர் பலர். உள்ளே சென்று கடிகாரம் வாங்க இயன்றோர் சிலரே.

முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்ற வீரர்க்குச் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க வசதியில்லை. அப்போர்தான் கடிகாரத்தை மணிக்கட்டில் ஏற்றி நிலைநிறுத்தியது. இன்று பெருவிலைக்கு விற்கும் புகழ்பெற்ற கடிகாரங்களுள் ஒன்றான ரிவர்சோ, 1931-இல் உருவானது. இந்தியாவில் குதிரையேறிப் போலோ ஆடிய ஆங்கில அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடி, ஆட்டத்தில் அடிபட்டு உடைந்துகொண்டே இருந்ததாம். அதனைத் தவிர்க்க, முகப்பை உட்புறமாகத் திருப்பிக்கொள்ளும் வகையில் அதைச் செய்தனர். இன்று ஆடம்பரமாய்த் தோன்றும் பல அமைப்புகள் ஒருகாலத்தில் ஒரு தேவைக்கு விடையாகப் பிறந்தவை என்பதற்கு இதுவே சான்று.

இனி ஜாலஹள்ளிக்கு வருவோம். நாடு விடுதலை பெற்றபின், இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களை நாமே செய்ய வேண்டும் என்னும் நோக்குடன் 1953-இல் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் பெங்களூரில் தோன்றியது. எச்.எம்.டி. என்று மக்கள் வாயில் வழங்கும் அந்நிறுவனம், ஜப்பான் நாட்டுச் சிட்டிசன் கம்பெனியின் ஒத்துழைப்புடன் 1961-இல் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அங்கு உருவான முதற் கடிகாரங்களைப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு வெளியிட்டார். 'ஜனதா' என்று ஒரு கடிகாரத்திற்குப் பெயரிட்டனர். மக்கள் என்பது அச்சொல்லின் பொருள். பெயரிலேயே கொள்கை இருந்தது: சீமான்களின் அணிகலனாக இருந்த கருவி இனிச் சாதாரண மக்களின் உடைமை.

நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய அந்த ஜனதா கடிகாரத்தின் உள்ளமைப்பைச் சிறிது காண்போம். சாவி கொடுக்கும்போது எஃகுச் சுருள்வில் ஒன்று இறுகுகின்றது. அது தளர்ந்து விரியும் விசை, பற்சக்கரங்கள் வழியே ஓடி ஒரு சிறு சக்கரத்தை இங்குமங்கும் ஆட்டுகின்றது. மயிரிழை போன்ற மற்றொரு சுருள்வில் அவ்வாட்டத்தை ஒழுங்குபடுத்துகின்றது. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் சக்கரம் சிறிது நகர, 'டிக்' என்னும் ஒலி எழுகின்றது. இவ்வகைக் கடிகாரங்களில் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை, அவ்வொலி கேட்கும். அச்சுகள் தேயாமலிருக்கச் சிவப்புக் கற்களைப் பதித்தனர். பதினேழு கல் கடிகாரம் என்று மக்கள் பெருமையோடு கூறியது அதனைத்தான். கல் என்றவுடன் மாணிக்கத்தின் விலை என்று எண்ணுதல் வேண்டா. 1902-இல் பிரெஞ்சு அறிஞர் வெர்னோய் வெளியிட்ட முறையால் ஆய்வகத்திலேயே செயற்கை மாணிக்கம் செய்தல் எளிதாயிற்று. கற்களின் விலை சொற்பம். அவற்றை இம்மி பிசகாமல் பொருத்தும் விரல்களின் திறனே பெரிது.

அத்திறனைப் பெங்களூரில் எளிய குடும்பங்களிலிருந்து வந்த ஆடவரும் பெண்டிரும் கற்றுக்கொண்டனர். காலப்போக்கில் தும்கூரிலும், காசுமீரத்துச் சிறீநகரிலும், இமயமலை அடிவாரத்து ராணிபாக்கிலும் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலைகள் எழுந்தன. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கடிகாரங்களை அந்நிறுவனம் நாட்டிற்கு அளித்தது. பார்வையற்றோர் விரலால் தடவி நேரம் அறியும் கடிகாரத்தையும் செய்தது. தேர்வில் முதன்மை பெற்ற மகனுக்கும், மணமேடை ஏறும் மாப்பிள்ளைக்கும், பணி ஓய்வு பெறும் எழுத்தருக்கும் எச்.எம்.டி. கடிகாரமே பரிசு. தானே சாவி ஏறும் 'காஞ்சன்' கடிகாரத்தைச் சம்பந்தி வீட்டார் கேட்டு வாங்கிய காலமும் உண்டு. வாழ்நாளில் ஒருமுறை வாங்கும் பொருளாதலின், அதைப் பெட்டியில் வைத்துப் போற்றினர். பழுதானால் தெருமுனைக் கடையில், கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி செருகிய கைவினைஞரிடம் கொடுத்துத் துடைத்து எண்ணெயிட்டு வாங்கினர். அறுபதாண்டு கடந்தும் ஓடும் ஜனதா கடிகாரங்கள் இன்றும் உள்ளன.

இக்கதையில் நம் வினாவிற்குரிய முதற் பாடம் அடங்கியிருக்கின்றது. சுருள்வில்லும் பற்சக்கரமும் கொண்ட நல்லதொரு கடிகாரத்தைச் செய்ய இலட்சக்கணக்கான ரூபாய் வேண்டியதில்லை. சாதாரணத் தொழிலாளரின் கை அதனைச் செய்தது. சாதாரணக் குடும்பத்தின் சேமிப்பு அதனை வாங்கியது. 'கைத்திறன் உள்ளே இருக்கின்றது. ஆகவேதான் இவ்வளவு விலை' என்று விற்பவர் கூறுங்கால், ஜனதாவை நினைத்துக்கொள்ளல் நலம். அக்கூற்று பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று.

இரண்டாம் பாடம் ஓசூரில் இருக்கின்றது. அதற்கு முன்னுரையாக டோக்கியோ நகரத்துச் செய்தி ஒன்றைக் கூறல் வேண்டும். 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், செய்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' என்னும் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 4,50,000 யென். அன்றைய ஜப்பானில் ஒரு சிறிய மோட்டார்க் காரின் விலை. அதனுள்ளே ஆடும் சக்கரம் இல்லை. குவார்ட்ஸ் என்னும் படிகக் கல் இருந்தது. மின்விசை பட்டால் படிகம் மாறாத வேகத்தில் அதிரும். இக்காலத்துக் கடிகாரங்களில் அது நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. சுருள்வில் கடிகாரத்தின் ஐந்து அல்லது எட்டுத் துடிப்பு எங்கே, இவ்வதிர்வு எங்கே! அதிர்வு மிகுந்தால் அளவு நுட்பமாகும். ஆஸ்ட்ரான் திங்களுக்கு ஐந்து நொடிக்கு மேல் பிசகாது என உறுதி கூறினர். சுவிட்சர்லாந்தில் தேர்ச்சிச் சான்று பெறும் உயர்தரச் சுருள்வில் கடிகாரத்திற்கு இன்றும் அனுமதிக்கப்படும் பிழை, நாளொன்றுக்கு நான்கு நொடி குறைவு முதல் ஆறு நொடி மிகுதி வரை. ஒன்று திங்களில் செய்யும் பிழையை மற்றொன்று ஒரே நாளில் செய்துவிடலாம். ஆயினும் சுருள்வில்லைக் குறைத்து மதித்தல் தகாது. ஒரு நாளில் 86,400 நொடிகள். அதில் ஆறு நொடிப் பிழை என்பது, பதினாலாயிரத்து நானூறில் ஒரு பங்கு. உயிரற்ற எஃகு அத்துணை நேர்மையுடன் ஓடுவது வியப்பே. ஆனால் படிகம் அவ்வியப்பையும் வென்றது.

கார் விலைக்கு விற்ற படிகக் கடிகாரம், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் காய்கறிக் கூடையோடு வாங்கிச் செல்லும் விலைக்கு இறங்கியது. துல்லியம் மலிந்துவிட்டது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்து நடந்த விலையும் மதிப்பும் அன்றே வழி பிரிந்தன. அந்நாள் முதல், நேரத்திற்காக மட்டும் பெருவிலை கொடுப்பதற்குக் காரணம் இல்லாமற் போயிற்று. அதன் விளைவைச் சுவிட்சர்லாந்து கடுமையாக உணர்ந்தது. 1970-இல் அந்நாட்டுக் கடிகாரத் தொழிலில் இருந்தோர் ஏறத்தாழ 90,000 பேர். 1980-களின் இடைப்பகுதியில் அது மூன்றில் ஒரு பங்களவிற்குச் சுருங்கியது. மலைப்பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்த பட்டறைகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன.

நம் நாட்டில் அக்காற்று ஓசூர் வழியே வீசியது. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி, செர்க்செஸ் தேசாயின் தலைமையில் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. அக்காலத்தில் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓசூர், தொழில் வளம் காணத் தொடங்கியிருந்த எல்லையூர். பள்ளிப் படிப்பை முடித்த சிற்றூர் இளைஞரையும் நங்கையரையும் அழைத்து, நுண்கருவிகளைக் கையாளப் பயிற்றினர். படிகக் கடிகாரமே இனி வருங்காலம் என்று அந்நிறுவனம் தொடக்கத்திலேயே தெளிந்திருந்தது. நாளொன்றுக்குச் சில நொடிகூடப் பிசகாத அழகிய கடிகாரங்கள் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டின. 2002-இல் 1.15 மில்லிமீட்டர் கனமே உள்ள இயக்கப் பொறியை ஓசூரில் செய்து, 'எட்ஜ்' என்னும் மெல்லிய கடிகாரத்தை உலகிற்குக் காட்டினர். ஓசூர் தரும் இரண்டாம் பாடம் இதுவே: துல்லியத்திற்கும் பெருவிலை வேண்டியதில்லை, அழகிற்குங்கூட அத்துணை வேண்டியதில்லை.

எச்.எம்.டி. இம்மாற்றத்தை அறியாமல் இருந்ததன்று. 1980-களின் தொடக்கத்திலேயே படிகக் கடிகாரங்களை அது செய்தது. ஆயினும் அதன் பெரும் உற்பத்தி சுருள்வில்லையே நம்பியிருந்தது. 1991-க்குப் பின் இறக்குமதிக் கதவுகள் திறந்தன; புதிய கடைகள், புதிய விளம்பரங்கள், புதிய தலைமுறை. விற்பனை குறைந்தது, இழப்பு ஆண்டுதோறும் ஏறியது. 2016-ஆம் ஆண்டு சனவரியில் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தும்கூர்த் தொழிற்சாலையின் நிலம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. ஜாலஹள்ளியில் இன்று ஒரு பாரம்பரியக் காட்சியகம் இருக்கின்றது. மூடப்படும் என்ற செய்தி 2014-இல் பரவியபோது நடந்ததைக் கவனித்தல் வேண்டும். ஆண்டுக்கணக்காகக் கடைகளில் தேங்கிக் கிடந்த கடிகாரங்களை மக்கள் முண்டியடித்துக்கொண்டு வாங்கினர். பொறி அதே பொறி. முள் அதே முள். மாறியது ஒன்றுதான்: இனிக் கிடைக்காது என்னும் எண்ணம். அருமை பிறந்தவுடன் விலை பிறந்தது.

சுவிட்சர்லாந்து பிழைத்த வழியும் இதுவே. வீழ்ச்சியிலிருந்து அந்நாடு இரு கைகளால் எழுந்தது. ஒரு கை, 1983-இல் வெளிவந்த 'சுவாட்ச்' என்னும் மலிவான பிளாஸ்டிக் கடிகாரம். மற்றொரு கை, படிகத்தால் இயலாததை விற்கும் வணிகம். இயந்திரம் செய்ய இயலாத மெருகு, பல தலைமுறைப் பெயர், வேண்டுமென்றே குறைத்துச் செய்யும் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அது விலைப்பொருளாக்கியது. 2023-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து ஏற்றுமதி செய்த கைக்கடிகாரங்கள் ஏறத்தாழ 1 கோடியே 69 இலட்சம். கடிகாரத் தொழிலின் அவ்வாண்டு ஏற்றுமதி மதிப்பு ஏறத்தாழ 2,670 கோடி பிராங்க். எண்ணிக்கை சிறிது, வருவாய் பெரிது.

இனி, இலட்சங்கள் கொடுத்து வாங்கும் ஒரு கடிகாரத்தின் விலையைப் பிரித்து நோக்குவோம். அதில் ஒரு பங்கு உண்மையான உழைப்பு. மூடியைத் திறந்தாலன்றிக் காணவியலாத பகுதிகளைக்கூட ஒருவர் உருப்பெருக்கியின்கீழ் நாட்கணக்கில் தேய்த்து மெருகிடுகின்றார். பிரெகே என்னும் கலைஞர் 1801-இல் காப்புரிமை பெற்ற 'டூர்பில்லான்' என்னும் சுழல் அமைப்பை இன்றும் கையால் பொருத்துகின்றனர். புவியீர்ப்பால் சட்டைப்பைக் கடிகாரத்தில் நேரும் பிழையை ஈடுசெய்ய எழுந்த அமைப்பு அது. எந்நேரமும் அசையும் மணிக்கட்டில் அதனால் பெரும்பயன் இல்லை. எனினும் அதைச் செய்வதற்கு அருந்திறன் வேண்டும். இரண்டாவது பங்கு, பொன்னுக்கும் மணிக்கும் உரியது. மூன்றாவது பங்கு, விளம்பரத்திற்கும் கடை வாடகைக்கும் தீர்வைக்கும் உரியது. நான்காவது பங்கே பெயர். முதல் மூன்றையும் ஒருவாறு கணக்கிடலாம். நான்காவதற்கு அளவுகோல் இல்லை.

அளவுகோல் இல்லை என்பதற்கு ஏலக்கூடங்களே சான்று. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் கடிகாரம், வாங்கிய காலத்தில் சில நூறு டாலர் விலையுள்ளது. 2017-இல் நியூயார்க்கில் ஒரு கோடியே 77 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. 2019-இல் பட்டேக் பிலிப் செய்த ஒரே ஒரு கடிகாரம் ஜெனீவாவில் 3 கோடியே 10 இலட்சம் பிராங்குக்கு விற்றது. இவற்றினும் நம் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்றுண்டு. 2009-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், காந்தியடிகளின் வெள்ளிச் சட்டைப்பைக் கடிகாரம், மூக்குக் கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணம் ஆகியவை நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. பெங்களூர்த் தொழிலதிபர் விஜய் மல்லையா 18 இலட்சம் டாலருக்கு அவற்றை ஏலத்தில் எடுத்தார். உடைமை வேண்டாத ஒருவர், நேரந்தவறாமைக்காக இடுப்பில் செருகியிருந்த கருவி அது. அதன் மதிப்பு அதைச் செய்த கம்பெனியால் வந்ததன்று. அதைப் பார்த்துப் பார்த்து ஒரு நொடியும் வீணாக்காமல் வாழ்ந்தவரால் வந்தது. கடிகாரம் மனிதனுக்குப் பெருமை தருவதாக விளம்பரங்கள் கூறுகின்றன. இங்கே மனிதன் கடிகாரத்திற்குப் பெருமை தந்தான்.

எனவே, பெருவிலைக் கடிகாரம் அவ்விலை பெறுமா? துல்லியத்தை நாடுபவர்க்குப் பெறாது. 1969-உடன் அவ்வழக்கு முடிந்துவிட்டது. சட்டைப்பையில் கிடக்கும் கைத்தொலைபேசியே இன்று அணுக்கடிகாரத்தோடு ஒத்த நேரத்தைக் காட்டுகின்றது. உழைப்பின் நுட்பத்தை உணர்ந்து சுவைப்பவர்க்கு ஓரளவு பெறும். வீணையைச் செய்யும் தச்சருக்கும் பட்டு நெய்யும் நெசவாளருக்கும் கொடுப்பதை விலை என்று மட்டும் நாம் சொல்வதில்லை அன்றோ? இங்கே நேர்மையாக மற்றொன்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஜாலஹள்ளியின் கடிகாரம் நல்லதாயிருந்தும், அதன் விலையில் அக்கலை வாழ இயலவில்லை. சுவிட்சர்லாந்தில் செல்வர் கொடுத்த மிகைவிலையே ஒரு பழங்கலையை அழியாமற் காத்தது. ஆடம்பரம் முழுவதும் வீண் என்போர் இதற்கு விடை கூறுதல் வேண்டும். ஓசூர் நிறுவனமே 2025-இல் டூர்பில்லான் அமைந்த கடிகாரங்கள் பத்தே பத்தை, ஒவ்வொன்றும் நாற்பது இலட்ச ரூபாய்க்கு மேற்பட்ட விலையில் வெளியிட்டது. மலிவால் புகழ் பெற்ற பட்டறையும் கைத்திறனைக் காட்ட விரும்பினால் அருமையின் பக்கம் திரும்ப நேர்கின்றது.

ஆனால் பெருமைக்காக வாங்குபவர்க்கும், நாளை விலை ஏறும் என்று கருதி வாங்குபவர்க்கும் எச்சரிக்கை தேவை. 2022-இன் தொடக்கத்தில் பழைய உயர்ரகக் கடிகாரங்களின் சந்தை விலை உச்சிக்கு ஏறி, அதன்பின் பெரிதும் சரிந்தது. சில குறிப்பிட்ட வகைகளே விலை ஏறுவன. பெரும்பாலானவை கடைவாசலைத் தாண்டியவுடன் விலை இறங்குவன. அவற்றைப் பேணும் செலவும் சிறிதன்று. 2025 ஏப்ரல் முதல், பத்து இலட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரம் வாங்குவோரிடம் விற்பவரே நூற்றுக்கு ஒரு பங்கு வருமான வரியாகப் பிடித்துச் செலுத்த வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. எது ஆடம்பரம் என்பதற்குச் சட்டமே ஓர் எல்லைக்கோடு கிழித்துவிட்டது எனலாம். செல்வர்க்கு அக்கோடு ஒரு பொருட்டன்று. மாதச் சம்பளத்தில் தவணை கட்டி அக்கோட்டை எட்ட நினைக்கும் இளைஞர்க்கே அது பொருட்டு.

விலை என்பது பொருளைப் பொறுத்தது மட்டுமன்று. கொடுப்பவரின் கையையும் பொறுத்தது. ஈஜிபுராவில் 2013 சனவரியில் ஏழையர் குடியிருப்பு அகற்றப்பட்டபோது, ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு குடும்பங்கள் வீடிழந்தன. அவர்களுள் பலர் விடியலில் எழுந்து, அண்டைப் பகுதி மாளிகைகளில் வீட்டுவேலைக்கு நேரந்தவறாமல் சென்று வந்தவர்கள். ஒரு மணிக்கட்டில் ஏறும் தொகை மற்றோரிடத்தில் ஒரு குடும்பத்தின் கூரை என்பதை மறவாதிருத்தல், வாங்குவோர்க்குத் தடையன்று, நிதானம்.

ஆகவே கடைக்குச் செல்வோர் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்ளல் நலம்: 'நான் வாங்குவது நேரத்தையா, திறனையா, பெயரையா?' நேரம் எனின், ஓசூர்க் கடிகாரம் போதும். திறன் எனின், செய்தவரின் உழைப்பை அறிந்து, தம் வருவாய்க்கு அடங்கிய அளவில் வாங்கிப் பேணிப் பிள்ளைகட்கு அளிக்கலாம். பெட்டியில் உறங்கும் பாட்டனாரின் ஜனதாவைத் துடைத்துச் சாவி கொடுத்தாலும் அத்திறனின் ஒலி கேட்கும். பெயர் எனின், அதற்கு அளவு இல்லை. எவ்வளவு கொடுத்தாலும், அதனினும் உயர்ந்த பெயர் ஒன்று அடுத்த கண்ணாடிப் பெட்டியில் காத்திருக்கும்.